உத்தரவும் கையும்

ஒருவர் தீர்மானித்ததை இன்னொருவர் செய்து முடிப்பதற்கு இங்கிலீஷ் பாஷையில் எத்தனை சொற்கள் இருக்கின்றன! எக்ஸிக்யூட் என்கிறார்கள், இம்ப்ளிமெண்ட் என்கிறார்கள், என்போர்ஸ், அட்மினிஸ்டர், புல்பில், காரி அவுட் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். 1852ஆம் வருஷம் பீட்டர் மார்க் ரோஜெட் என்ற வைத்தியர், தமது எழுபத்துமூன்றாவது வயதில், ஒத்த பொருளுள்ள சொற்களையெல்லாம் ஒரே கூட்டில் அடைத்து ஒரு சொற்களஞ்சியம் வெளியிட்டார். அன்று முதல் இன்று வரை பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும், மனு எழுதுகிற பெரியவர்களும், ஒரு சொல் அலுத்துவிட்டால் அதே கூட்டிலிருந்து இன்னொன்றைப் பிடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். பரீட்சையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் ஒரு மார்க்குக் குறையலாம். சரித்திரத்திலோ தலையே போயிருக்கிறது.

தமிழில் நமக்கு இவ்வளவு தொல்லை இல்லை. வாக்கானாலும் நிறைவேற்றுகிறோம், தீர்மானமானாலும் நிறைவேற்றுகிறோம், தூக்குத் தண்டனையானாலும் நிறைவேற்றுகிறோம். சட்டம் என்று வந்தால் மட்டும், பாரசீகம் பேசிய சர்க்கார் கச்சேரிகள் விட்டுப்போன 'அமுல்' என்ற அரபுச் சொல்லை எடுத்துக்கொள்கிறோம். இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கைச்சரக்கு அதிகம். அதற்குக் காரணம் அவர்கள் தேசத்தை ஒருவர் பின் ஒருவராக வந்து ஆண்டவர்கள்தான். வாக்கை நிறைவேற்றுவதற்கு வழங்கும் 'புல்பில்' என்பது அவர்களுடைய சொந்த வீட்டுச் சொல். நார்மன்காரர்கள் 1066இல் கடல் கடந்து வருவதற்கு முன்பே இருந்தது. சட்டம், உத்தரவு, தீர்ப்பு சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சொற்கள். வாக்குக் கொடுப்பது குடியானவன், உத்தரவு போடுவது துரை என்ற அந்தக் காலத்துப் பாகுபாடு இன்னும் சொற்களில் அழியாமல் இருக்கிறது.

இவற்றில் மிகவும் சாதுவானது 'இம்ப்ளிமெண்ட்'. லத்தீனில் அதற்கு வேர் 'நிரப்புதல்'. நம்முடைய 'நிறைவேற்று' என்பதிலும் அதே நிறைவுதான் இருக்கிறது என்பதைக் கவனித்தால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது. வீட்டை நிரப்பும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு முதலில் இந்தப் பெயர் வந்தது. பிறகு கலப்பை, மண்வெட்டி போன்ற கருவிகளுக்கு வந்தது. ஸ்காட்லாந்து வக்கீல்கள் ஒப்பந்தத்தை நிறைவு செய்வதற்கு இதை உபயோகித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வினைச்சொல்லாகி, தெற்கே இறங்கி, இருபதாம் நூற்றாண்டில் உலகத்துக் காரியாலயங்களையெல்லாம் பிடித்துக்கொண்டது. திட்டம் என்று ஒன்று இருந்தால் அதை 'இம்ப்ளிமெண்ட்' செய்தே தீரவேண்டும். இந்தச் சொல்லில் மனித வாடையே கிடையாது. கருவி இருக்கிறது, அதைப் பிடித்த கை யாருடையது என்று ஒருவரும் கேட்பதில்லை.

'எக்ஸிக்யூட்' அப்படிப்பட்டதல்ல. 'விடாமல் பின்தொடர்ந்து கடைசிவரை போவது' என்பது அதன் மூலப் பொருள். உயிலை நிறைவேற்ற நியமிக்கப்படுகிறவர் எக்ஸிக்யூடர். பத்திரத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதுவும் எக்ஸிக்யூஷன். சிவில் கோர்ட்டில் டிக்ரி வாங்கினவர் அதற்குமேல் போடுகிற மனுவுக்கும் அதே பெயர்தான். அமீனாவையும் ஜப்தியையும் அனுபவித்தவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குக் கஷ்டகாலம் ஆரம்பமாவதே அவன் டிக்ரி வாங்கின பிறகுதான் என்று, லண்டனில் உட்கார்ந்திருந்த பிரிவி கவுன்ஸில் நீதிபதிகளே 1872இல் தர்பங்கா ராஜ்யத்து வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறார்கள்.

இதே சொல்தான் தலையை வெட்டுவதற்கும் ஆயிற்று. பதினான்காம் நூற்றாண்டில் தண்டனையைத்தான் எக்ஸிக்யூட் செய்தார்கள்; பதினைந்தாம் நூற்றாண்டில் மனிதனையே எக்ஸிக்யூட் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். தமிழில் இப்படிச் செய்ய இலக்கணம் இடம் கொடுக்காது. தண்டனையை நிறைவேற்றலாம், ஆளை நிறைவேற்ற முடியாது. ஆளைக் கொல்லத்தான் வேண்டும். ஆகவே தண்டனையை நிறைவேற்றுவது, ஆளைக் கொல்வது என்று இரண்டு சொற்றொடர் வைத்திருக்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு மனிதன் கையில் பேனாவோடு நிற்க நேர்ந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1649ஆம் வருஷம் ஜனவரி மாதம் 30ந் தேதி அப்படித்தான் நேர்ந்தது.

முதலாம் சார்லஸ் மன்னன் மீது விசாரணை நடத்தப் பார்லிமெண்டின் சாமானியர் சபை 135 பேரை நியமித்தது. அவர்களில் எத்தனையோ பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிராட்ஷா என்ற வக்கீல் தலைமையில் ஜனவரி 20ந் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. 27ந் தேதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனைப் பத்திரத்தில் 59 பேர் கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்கள். ஆலிவர் கிராம்வெல்லின் கையெழுத்து மூன்றாவது. பத்திரத்தின் தேதி ஜனவரி 29. வருஷம் மட்டும் 1648 என்றிருக்கும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மார்ச்சு மாதம் 25ந் தேதிதான் புது வருஷம் பிறந்தது என்பதே காரணம்.

அந்தப் பத்திரத்தின் வாசகத்தைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். அது கர்னல் ஹாக்கர், கர்னல் ஹங்க்ஸ், லெப்டினண்ட் கர்னல் பேர் என்ற மூன்று ராணுவ அதிகாரிகளின் பெயருக்கு எழுதப்பட்டது. அரசனைக் கொல்லுங்கள் என்று அது அவர்களுக்குச் சொல்லவில்லை. தீர்ப்பு நிறைவேற்றப்படுவதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லிற்று. வொய்ட்ஹால் அரண்மனைக்கு எதிரே, திறந்த வீதியில், காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் நடுவில் என்று இடமும் நேரமும் சுத்தமாக இருக்கின்றன. யார் கோடரியைத் தூக்குவது என்பது மட்டும் இல்லை. 59 பேர் சேர்ந்து ஒரு தீர்ப்பை எழுதிவிட்டார்கள். மூன்று பேரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கொலையாளிக்கு, 'நீ வெட்டு' என்று ஒருவர் தனியாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். சங்கிலியில் அந்த ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது.

30ந் தேதி, வொய்ட்ஹாலில் ஓர் அறை. அயர்ட்டன், ஹாரிஸன் என்ற இரு தளபதிகளும் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. கிராம்வெல் நிற்கிறார். பத்திரத்தில் கண்ட மூன்று அதிகாரிகளும் நிற்கிறார்கள். விசாரணை மண்டபத்தில் காவற்படைக்குத் தலைவராயிருந்த ஆக்ஸ்டெல் என்ற இன்னொரு கர்னலும் நிற்கிறார். கிராம்வெல் ஹங்க்ஸைப் பார்த்து, கொலையாளிக்கு உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். ஹங்க்ஸ் மாட்டேன் என்கிறார். கிராம்வெல்லுக்குக் கோபம் வருகிறது. முரட்டுப் பிடிவாதக்காரன் என்று திட்டுகிறார். ஆக்ஸ்டெல் குறுக்கிட்டு, உம்மை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது ஐயா, கப்பல் துறைமுகத்துக்குள் நுழைகிற சமயத்தில் நங்கூரம் போடும் முன்பே பாயை இறக்குவதா என்று கேட்கிறார். ஹங்க்ஸ் அசையவில்லை. கதவோரத்தில் ஒரு சின்ன மேஜை. அதன்மேல் மைக்கூடும் பேனாவும். கிராம்வெல்லே உட்கார்ந்து எழுதுகிறார். எழுதி முடித்துப் பேனாவை ஹாக்கரிடம் நீட்டுகிறார். ஹாக்கர் குனிந்து கையெழுத்திடுகிறார்.

இதையெல்லாம் பதினொரு வருஷம் கழித்துக் கோர்ட்டில் ஏறிச் சொன்னவர் ஹங்க்ஸ்தான். தம் தலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன சாட்சியம் ஆகையால், அவர் தம்மைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டிக்கொண்டிருக்கலாம். ஆனாலும் அந்த மேஜையும் மைக்கூடும் கற்பனையில் வருகிற சாமான்களாக எனக்குத் தோன்றவில்லை. நாவல் எழுதுகிறவன் இந்தக் கட்டத்தைப் புனைந்தால் ஹங்க்ஸின் வாயில் நீதியைப் பற்றி அரைப் பக்கம் வசனம் வைத்திருப்பான். இந்த ஹங்க்ஸ் ஒரு தத்துவமும் பேசவில்லை. தீர்ப்புத் தவறு என்று சொன்னதாகவும் இல்லை. கொலையாளியின் கைக்குப் போகிற அந்தக் காகிதத்தில் தம் பெயர் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. இதைத் தர்மம் என்பதா, ஜாக்கிரதை என்பதா? இரண்டும் கலந்ததுதான் என்று நினைக்கிறேன்.

அன்று பகல் சுமார் இரண்டு மணிக்கு அரசன் விருந்து மண்டபத்தின் ஜன்னல் வழியாக மேடைக்கு வந்தான். குளிரில் உடம்பு நடுங்கினால் பயம் என்று ஜனங்கள் நினைப்பார்களே என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டிருந்தான். மேடையில் நின்ற ஹாக்கரிடம், வேதனை தராதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னான். கொலையாளியும் அவன் துணையாளும் முகமூடி போட்டு, பொய்மயிர் வைத்து, அடையாளம் தெரியாதபடி நின்றார்கள். ஒரே வெட்டு. லண்டன் நகரத்தின் வழக்கமான கொலையாளி பிராண்டன்தான் அது என்று பலர் சொன்னார்கள். அவன் அதே வருஷம் ஜூன் மாதம் செத்துப்போனான். 1660இல் ஹ்யூலெட் என்ற சிப்பாயை நிறுத்தி, நீதான் வெட்டினவன் என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் சந்தேகம் தீராமல் அவனைத் தூக்கிலிடாமலே விட்டுவிட்டார்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணி, கோடரியைத் தூக்கிய கை, யாருடையது என்று இன்றுவரை நிச்சயப்படவில்லை.

ஹாக்கருக்கு அந்த முகமூடி கிடைக்கவில்லை. 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பிவந்து சிங்காதனம் ஏறியதும் அவரைப் பிடித்தார்கள். 59 கையெழுத்துக்களும் உள்ள மூலப்பத்திரம் எங்கே என்று தேடினால், அது ஹாக்கரிடமே இருந்தது! தம்மைக் காப்பாற்றும் என்றுதான் அவர் அதைப் பதினொரு வருஷம் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். நான் செய்தது இதன்படிதானே என்று காட்ட வேறு என்ன இருக்கிறது? அவர் மனைவியின் வசம் இருந்த அந்தத் தோல்காகிதம் பிரபுக்கள் சபையின் கைக்குப் போயிற்று. கணவனைக் காப்பதற்காக அந்த அம்மாள் கொடுத்த பத்திரம், கையெழுத்திட்டவர்களில் உயிரோடிருந்தவர்களைப் பிடிக்கத்தான் பயன்பட்டது. கணவனையும் காப்பாற்றவில்லை.

விசாரணையில் ஹாக்கர் அதிகம் பேசவில்லை. நான் சிப்பாய், மேலதிகாரிகளின் உத்தரவின் கீழ் இருந்தேன் என்றார். ஆக்ஸ்டெல் நிறையவே வாதாடினார். நானும் ராணுவத்தான், பார்லிமெண்டு நியமித்த தளபதி பேர்பாக்ஸின் கீழ் இருந்தேன், சொன்னதைச் செய்யாவிட்டால் ராணுவச் சட்டப்படி எனக்குச் சாவு, செய்தால் இப்பொழுது சாவா என்று கேட்டார். சுருக்கமாகச் சொன்னால், நான் கருவி, என்னைப் பிடித்த கையைக் கேளுங்கள் என்பதே அவர் கட்சி. நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. உத்தரவு போட்டவனே ராஜத்துரோகி என்றால் அவனுக்குக் கீழ்ப்படிந்ததும் ராஜத்துரோகம்தான் என்று தீர்த்தார்கள். ஜயித்த கட்சியின் நீதிபதிகள், பழி தீர்க்கும் காலத்தில் சொன்ன தீர்ப்பு அது; அதில் நடுநிலைமையைத் தேடுவது வீண். இருந்தாலும் அந்த வாதமும் அந்த மறுப்பும் சட்டப் புத்தகங்களில் தங்கிவிட்டன. 285 வருஷங்களுக்குப் பிறகு, ஜெர்மானியத் தலைவர்களை நியூரம்பர்க்கில் விசாரிப்பதற்காக 1945இல் எழுதிய சாசனத்தில், மேலிடத்து உத்தரவு என்பதனால் மட்டும் ஒருவன் பொறுப்பிலிருந்து நீங்கமாட்டான் என்று ஒரு விதியே சேர்த்தார்கள்.

1660 அக்டோபரில் பத்துப் பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அவர்களில் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் ஆறு பேர். மற்ற நால்வர், வழக்கை நடத்திய வக்கீல் குக், பிரசங்கம் செய்த பாதிரியார் பீட்டர்ஸ், ஆக்ஸ்டெல், ஹாக்கர். இந்த இரண்டு கர்னல்களும் அக்டோபர் 19ந் தேதி டைபர்னில் செத்தார்கள். ஹங்க்ஸ் மன்னிப்புப் பெற்றார். மூன்றாமவரான பேர் சில காலம் சிறையிலிருந்துவிட்டு விடுதலையானார். மன்னனுக்குக் கடைசி நாள் காலையில் பணிவிடை செய்த தாமஸ் ஹெர்பர்ட்டின் மகளை அவர் பின்னால் மணந்திருந்தார். அந்த மாமனாரின் செல்வாக்குத்தான் காப்பாற்றியது என்பார்கள். ஒரே பத்திரம், ஒரே வரியில் மூன்று பெயர்கள். பிரித்தது கதவோரத்து மேஜையும் ஒரு மாமனாரும்.

நிற்க. உத்தரவு இருந்து கை தயங்கியதைப் பார்த்தோம். 'என்போர்ஸ்' என்ற சொல்லுக்கு உரிய கதை இதற்கு நேர் எதிரானது. அங்கே தீர்ப்பு இருந்தது, கைதான் இல்லை.

இந்தச் சொல்லுக்குள் பலம் இருக்கிறது. எதிர்ப்பவன் ஒருவன் இல்லாவிட்டால் இதற்கு வேலையில்லை. திட்டத்தை யாரும் 'என்போர்ஸ்' செய்வதில்லை, சட்டத்தைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவில் ஜார்ஜியா ராஜ்யத்தின் எல்லைக்குள் செரோக்கி என்ற பழங்குடி மக்களுக்கு ஒப்பந்தப்படி உரிய நிலம் இருந்தது. அங்கே வசிக்கும் வெள்ளையர்கள் ராஜ்யத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்து லைசென்ஸ் வாங்கவேண்டும் என்று ஜார்ஜியா 1830இல் சட்டம் செய்தது. செரோக்கிகளின் பக்கம் நின்ற பாதிரிமார்களை விரட்டுவதற்கு அது வழி. சாமுவேல் வொர்ஸெஸ்டர் என்ற பாதிரியார் பிரமாணம் செய்ய மறுத்தார். அவருக்கும் வேறு பத்துப் பேருக்கும் நான்கு வருஷக் கடுங்காவல். மன்னிப்பை ஏற்றுக்கொண்டு ஒன்பது பேர் வெளியே போனார்கள். வொர்ஸெஸ்டரும் பட்லர் என்ற இன்னொருவரும் உள்ளேயே இருந்தார்கள். 1832 மார்ச்சு 3ந் தேதி, பிரதம நீதிபதி ஜான் மார்ஷல், ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

அப்பொழுது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்ஸன், தீர்ப்பு எழுதினவர் மார்ஷல்தானே, அவரே போய் என்போர்ஸ் செய்து பார்க்கட்டும் என்று சொன்னதாக ஒரு பிரசித்தமான கதை உண்டு. அழகான கதை, ஆனால் 1864இல், முப்பத்திரண்டு வருஷம் கழித்து, ஒரு பத்திரிகாசிரியர் எழுதிய புத்தகத்தில்தான் அது தலைகாட்டுகிறது. உண்மையில் ஜாக்ஸன் அப்பொழுது என்போர்ஸ் செய்ய மறுக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. கோர்ட்டு உத்தரவை ஜார்ஜியாவுக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஜனவரி வரை கலைந்துவிட்டது. ஜார்ஜியா அதை வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தது. கீழ்ப்படியவில்லை என்பதைக் கோர்ட்டு மறுபடி கூடித்தான் கவனிக்க முடியும். ஜாக்ஸன் தம் சிநேகிதர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தீர்ப்பு செத்துப் பிறந்த பிள்ளை என்ற கருத்துப்படக் குறிப்பிட்டார். கட்டுக்கதையில் உள்ள சவடாலைவிட இது எனக்கு அதிகப் பயங்கரமாகப் படுகிறது. எதிர்க்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று கண்டுகொண்ட மனிதரின் நிதானம் அதில் இருக்கிறது.

பாதிரிமார் இருவரும் தீர்ப்புக்குப் பிறகு பத்து மாதம் சிறையிலேயே இருந்தார்கள். 1833 ஜனவரியில் அவர்கள் வெளிவந்ததும் மார்ஷலின் தீர்ப்பினால் அல்ல. ஜார்ஜியா கவர்னர் கொடுத்த மன்னிப்பினால். பிறகு 1835இல், செரோக்கிகளில் ஒரு சிறு கூட்டத்தாரைப் பிடித்து, கிழக்கே உள்ள நிலம் முழுவதையும் விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தம் வாங்கினார்கள். அந்த மக்களின் தலைவர் ஜான் ராஸும், பெரும்பாலான மக்களும் அதை ஏற்கவில்லை. ஸெனட் சபையில் அது ஒரே ஒரு வோட்டு மிச்சத்தில் தேறியது. ஆனால் அந்தக் காகிதத்துக்குக் கை இல்லாமற் போகவில்லை. 1838இல் தளபதி ஸ்காட்டின் கீழ் சுமார் 7,000 துருப்புக்கள் வந்தன. வீடு வீடாகப் புகுந்து ஜனங்களைக் கிளப்பி, கொட்டடிகளில் அடைத்து, மேற்கே ஓட்டினார்கள். புறப்பட்டவர்கள் சுமார் 16,000 பேர்; கொட்டடியிலும் வழியிலும் மாண்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

வொர்ஸெஸ்டர் அவர்களுக்கு முன்பே, 1835இலேயே, குடும்பத்தோடு மேற்கே போய்விட்டார். ஸெக்வோயா என்ற செரோக்கி தம் மக்களுக்காகத் தனியொருவராக உண்டாக்கிய எழுத்தில் அச்சடிப்பதற்கு அங்கே ஓர் அச்சகம் வைத்தார். பைபிள் பகுதிகளும், பஞ்சாங்கங்களும், பள்ளிக்கூடப் புத்தகங்களுமாக, 1859இல் இறக்கும்வரை அச்சுப்போட்டுக்கொண்டிருந்தார்.